ஹாலில் பாட்டு காதைக் குத்துகிறது: கேபிள் மாற்றினால் மென்மையாகுமா?

சிப்புட்_செவி | சுங்கை சிப்புட், பேராக்

எல்லோருக்கும் வணக்கம். தோட்டத்து வீட்டை விட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபின் ஹாலில் ஒரு செட் வைத்தேன். பக்கத்துக்கு 50 வாட் ஆம்ப், மெட்டல் டோம் ட்வீட்டர் (மேல் சுரங்களைத் தரும் சின்ன ஒலிப்பான்) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு சிடி பிளேயர். கொஞ்ச நேரம் கேட்டாலே காது களைத்துப்போகிறது. நாதஸ்வரம் குத்துகிறது, பெண் குரலில் ஸகரம் வரும் இடமெல்லாம் சீறுகிறது. அப்பாவுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர், அவரே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

கடையில் விசாரித்தேன். ஸ்பீக்கர் கேபிள் 600 வெள்ளி (ரிங்கிட்), பவர் கேபிள் 450, இரண்டையும் மாற்றினால் சத்தம் இளகும் என்றார்கள். என்னிடம் மொத்தம் 1500 வெள்ளி இருக்கிறது. அதை எதில் போடுவது? ஆம்ப்பை மாற்ற மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கம்பி_நேசன் | கிள்ளான்

தம்பி, கேபிளை ஒதுக்க வேண்டாம். எனக்கும் இதே தொந்தரவு இருந்தது. வெள்ளிப் பூச்சுக் கேபிளைக் கழற்றிவிட்டு நல்ல தடித்த செம்புக் கேபிள் போட்டதும் மேல் சுரங்கள் அடங்கின, குரலுக்கு உடம்பு வந்தது. 600 கொடுக்க வேண்டியதில்லை, 200 வெள்ளிக்குள் நல்லது கிடைக்கும். முதலில் ஸ்பீக்கர் கேபிள், அப்புறம் சிடி பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் இடையே உள்ள கேபிள். இந்த வரிசையில் போங்கள்.

சாலிடர்_கை | ஈப்போ

எதையும் வாங்குவதற்கு முன் ஹாலைப் பற்றிச் சொல்லுங்கள். நீள அகலம், தரை, சுவர், திரை, ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் கம்பி சொருகும் இடம் இரண்டா நான்கா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

சிப்புட்_செவி

20 அடிக்கு 13 அடி, உயரம் 10 அடி. தரை முழுக்க டைல்ஸ், மூன்று பக்கம் பூசிய சுவர், முன்பக்கம் கண்ணாடி ஸ்லைடிங் கதவு. திரை மெல்லிய வலைத்துணி. உட்காரப் பிரம்பு நாற்காலி. சுவரில் சாமிப் படங்கள், எல்லாம் கண்ணாடிச் சட்டம். ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால், நாற்காலியை நேராகப் பார்த்தபடி நிற்கிறது. நாற்காலி எதிர்ச் சுவரை ஒட்டி இருக்கிறது. பின்னால் நான்கு முனை உண்டு, இரண்டிரண்டையும் ஒரு தகடு இணைக்கிறது.

சாலிடர்_கை

அப்படியானால் காதைக் குத்துவதில் பெரும்பங்கு உங்கள் ஹாலுடையது. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்ர்' என்று அதிர்ந்து அடங்கினால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்தாடுகிறது. அதே பந்தாட்டம்தான் நாதஸ்வரத்துக்கும் நடக்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு எங்கே போகவேண்டும் என்பது இதில்தான் தெரியும். உங்கள் ஹால் ஏறக்குறைய 6 × 4 × 3 மீட்டர், அதாவது 72 கன மீட்டர். தரை, கூரை, சுவர் சேர்த்து 108 சதுர மீட்டர் பரப்பு. டைல்ஸும் சிமெண்டும் தம்மேல் விழும் சத்தத்தில் இரண்டு மூன்று விழுக்காட்டைத்தான் விழுங்கும், மீதி திரும்பி வரும். எதிரொலி அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: 0.161ஐ கன அளவால் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். அந்த 108இல் 3 விழுக்காடு என்று வைத்தால் உறிஞ்சும் பரப்பு வெறும் 3.2 சதுர மீட்டர். நேரம் 3.6 வினாடி. ஒன்றுமே இல்லாத ஹாலுக்கு வரும் எண் இது. நாற்காலியும் ஆட்களும் சமையலறைப் பக்கத் திறப்பும் உங்கள் வீட்டில் அதைக் குறைத்திருக்கும். ஆனால் பாட்டுக் கேட்க அரை வினாடி, அதிகம் போனால் முக்கால் வினாடிதான் சுகம்.

இப்போது அதே ஹாலில் தடித்த கம்பளம், மடிப்பு வைத்த கனத்த திரை, பஞ்சு மெத்தை போட்ட சோபா ஆகியவற்றால் 12 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பைச் சேர்த்தால் நேரம் 0.76 வினாடிக்கு வந்துவிடும். எந்தக் கேபிளாலும் இந்த அளவு மாற்றத்தைத் தர முடியாது.

இந்தச் சூத்திரத்தைத் தந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின். 1895இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று அவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் சாண்டர்ஸ் அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் தூக்கி வந்து மண்டபத்தில் அடுக்கினார். ஒவ்வொரு தடவையும் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. நமக்கு வேண்டிய பாடம் அந்த மெத்தையில் இருக்கிறது.

காசில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை: நாற்காலியைச் சுவரிலிருந்து பிரித்து ஸ்பீக்கரை நோக்கி நகர்த்துங்கள். தூரம் பாதியானால் நேரடிச் சத்தம் 6 டெசிபெல் கூடும், எதிரொலி அப்படியே இருக்கும், ஆக ஹாலின் குரல் பின்வாங்கும். ஸ்பீக்கரைப் பின்சுவருக்கு இரண்டு சாண் தூரம் வரை தள்ளுங்கள். சின்னப் பெட்டியைத் திறந்த வெளியில் நிறுத்தினால் கீழ்ச் சுரங்கள் முன்னால் வராமல் சுற்றிப் பரவிவிடும். அடித்தளம் இல்லாதபோது மேல் சுரம் மட்டும் கூடுதலாகத் தெரியும். கூர்மை என்று நாம் சொல்வதில் பாதி, பேஸ் இல்லாத மெலிவுதான். மூன்றாவது, ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டாம், நேர் முன்னால் பார்க்கட்டும். ஒரு அங்குல டோம் ட்வீட்டர் 30 டிகிரி விலகினால் 15 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபெல் இறங்கும். ஸகரச் சீற்றம் அதைவிடக் கீழே 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸில் இருப்பதால் அதற்கு இதைவிடக் குறைவாகவே பலன் கிடைக்கும். கிடைத்தவரை லாபம்.

தைப்பிங்_தம்புரா | தைப்பிங்

நான் பாட்டு சொல்லித் தருகிறவள். கருவி நுணுக்கம் அதிகம் தெரியாது, காதைப் பற்றி ஒன்று சொல்லலாமா? மனிதக் காதுக் குழாய் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே ஒத்ததிரும், அங்கேதான் நமக்குக் கூர்மை அதிகம். நாதஸ்வரத்தின் மேல் சுரவரிசை அந்தப் பகுதியில் வந்து குவிகிறது. அது கோயில் வெளியிலும் தேர் முன்னாலும் வாசிப்பதற்கென்று பிறந்த வாத்தியம். கிட்ட மைக் வைத்துப் பதிவு செய்து, டைல்ஸ் ஹாலில் முழுச் சத்தத்தில் விட்டால் குத்தத்தான் செய்யும். திருவிழாவில் உறுமி மேளத்தைப் பத்தடி தள்ளி நின்று கேட்போம், வீட்டுக்குள் கொண்டுவந்து அடிக்கச் சொல்லமாட்டோம் இல்லையா?

அதனால் சோதிக்கும்போது நாதஸ்வரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தம்பூரா மட்டும் ஒலிக்கும் ஓர் ஆலாபனை, ஒரு மிருதங்கத் தனி, ஒரு ஆண் குரல் என்று நான்கைந்து பதிவு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே கூசினால் குறை வீட்டிலோ செட்டிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் கூசினால் அந்தப் பதிவே அப்படி.

கம்பி_நேசன்

சாலிடர் அண்ணே, ஹால் முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் கேபிள் மாற்றியபோது நான் கேட்டது கற்பனை இல்லை. என் மனைவிக்கு இதில் ஆர்வமே கிடையாது, அவளே வித்தியாசமாக இருக்கிறது என்றாள்.

சாலிடர்_கை

கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். வித்தியாசம் கேட்டிருக்கும். எதனால் என்பதுதான் பேச்சு.

எண்ணைப் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 3 மீட்டர் நீளம் என்றால் போய்வர 6 மீட்டர், தடை 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் வரும் இழப்பு 0.05 டெசிபெல்கூட இல்லை. 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியானாலும் 0.14 ஓம், 0.15 டெசிபெல். வெள்ளி உலோகம் செம்பைவிட மின்சாரத்தை ஐந்தாறு விழுக்காடுதான் நன்றாகக் கடத்தும். அதுவும் பூச்சாக இருந்தால் சொல்லவே வேண்டாம். சிடி பிளேயர் கேபிளில் ஒரு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) என்று வைப்போம். பிளேயரின் வெளியீட்டுத் தடை 100 ஓம் என்றால் மேல் சுரம் இறங்கத் தொடங்கும் இடம் 16 மெகாஹெர்ட்ஸ் பக்கம். காது 20 கிலோஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் உங்கள் வீட்டில் எது மாறியது? எனக்குத் தோன்றுவது, கேபிள் மாற்றும்போது பழைய இணைப்பைக் கழற்றிப் புதிதாக முறுக்கியிருப்பீர்கள். நம் ஊர் ஈரத்தில் செம்பு கறுத்துப்போகிறது, முனைகளில் பச்சை பூக்கிறது. தளர்ந்து கறுத்த இணைப்பு சத்தத்தைக் கரகரப்பாக்கும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்த எத்தனையோ செட்டில் பார்த்தது. புதுக் கேபிள் செய்த நல்லதை, பழைய கேபிளின் முனையை வெட்டிச் சுரண்டிப் போட்டிருந்தாலும் பெற்றிருக்கலாம்.

இன்னொன்றும் எல்லோரும் கவனியுங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் பல கேபிள்கள் செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், முனையும் சீக்கிரம் முறியும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெளுப்பாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்சாரக் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் 2.5 செம்புக் கம்பி போதும். கேபிளே வேண்டாம் என்பவன் இல்லை நான், சரியான கேபிள் போதும் என்பவன்.

கம்பி_நேசன்

முனையைச் சுரண்டினேன், உண்மை. பச்சையாகத்தான் இருந்தது. பழைய கேபிள் இன்னும் அலமாரியில் இருக்கிறது, முனையை வெட்டி மறுபடி போட்டுப் பார்க்கிறேன். எது எந்தக் கேபிள் என்று சொல்லாமல் மனைவியிடம் கேட்கலாமா?

தைப்பிங்_தம்புரா

கேளுங்கள், ஆனால் சத்த அளவு இரண்டு தடவையும் ஒன்றாக இருக்கட்டும். மிகச் சிறிதளவு கூடினாலும் அதைச் சத்தம் கூடியதாக நாம் உணர்வதில்லை, நன்றாக இருக்கிறது என்றுதான் உணர்கிறோம். மாணவர்களிடம் தினமும் பார்க்கிறேன்.

பாலிங்_ஊசி | பாலிங், கெடா

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ரெக்கார்ட் பிளேயர். ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி). சிடி இதமாக இருக்கிறது, ரெக்கார்ட் மட்டும் பளபளவென்று கூசுகிறது. இதற்கும் கம்பளம்தானா?

சாலிடர்_கை

இல்லை ஐயா. கேபிள் சத்தத்தை உண்மையாகவே மாற்றும் இடம் இதுதான், கம்பி_நேசன் இதைப் பார்த்தால் மகிழ்வார்.

மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும்) வகைக் கார்ட்ரிட்ஜுக்குள் நிறையச் சுற்றுக் கம்பி இருக்கிறது. உங்களுடையதும் அந்த வகைதான், அதன் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) 550 மில்லிஹென்றி. அதோடு டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) கம்பி, கேபிள், ஃபோனோ ஆம்ப் (ரெக்கார்ட் பிளேயருக்கான முன் ஆம்ப்) ஆகியவற்றின் கெப்பாசிட்டன்ஸ் எல்லாம் கூடி ஒரு சுரத்தில் ஒத்ததிரும். மொத்தம் 200 பிக்கோஃபாரட் என்றால் அந்த இடம் 15 கிலோஹெர்ட்ஸ். 400 ஆனால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் மேடாக நிற்கும். தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 100 முதல் 200 வரை. நீளமான, தடித்த கவசக் கேபிள் போட்டிருந்தால் கேபிள் மட்டுமே அந்த எல்லையை எட்டிவிடலாம். குட்டையான, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த கேபிளாகத் தேடுங்கள். ஃபோனோ ஆம்ப்பில் சுவிட்ச் இருந்தால் மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். இங்கே விலையைப் பார்க்காதீர்கள், மீட்டருக்கு எத்தனை பிக்கோஃபாரட் என்று கேளுங்கள்.

பழைய_பெட்டி | பாகான் செராய்

எனக்கும் ஒரு கேள்வி. என் ஸ்பீக்கர் அப்பா காலத்தது, 30 ஆண்டுக்கு மேல். கிராஸோவரில் (மேல் சுரத்தையும் கீழ்ச் சுரத்தையும் பிரித்தனுப்பும் சுற்று) உள்ள கெப்பாசிட்டரை விலையுயர்ந்த பாலிப்ரோப்பிலீனுக்கு மாற்றினால் மென்மையாகும் என்று படித்தேன்.

சாலிடர்_கை

மாற்றுங்கள், ஆனால் மென்மையாகும் என்று எதிர்பார்த்து மாற்றவேண்டாம். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டர் வயதாகும்போது உள்தடை ஏறுகிறது, ட்வீட்டருக்குப் போகும் சத்தத்தை அதுவே கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கும். பாலிப்ரோப்பிலீனுக்கு அந்தத் தடை கிட்டத்தட்ட இல்லை. மாற்றியதும் மேல் சுரம் தெளிவாகும், பல பேருக்கு அது கூடிவிட்டது போலவும் இருக்கும். அதனால் புதுக் கெப்பாசிட்டரோடு தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்ப்பது வழக்கம். மைக்ரோஃபாரட் மதிப்பை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

எலெக்ட்ரோலிட்டிக்குக் குறித்திருக்கும் வெப்ப எல்லைக்குள் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகிறது என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. தகரக் கூரையின் கீழ் இருந்த செட் என்றால் ஆம்ப்பையும் திறந்து பார்க்கவேண்டும். திறக்கும்போது பல்லி எச்சமும் கிடக்கும், அதையும் துடையுங்கள். பல்லி சர்க்யூட்டில் விழுந்து புகைந்த ஆம்ப்கள் இங்கே ஏராளம். வூஃபர் (கீழ்ச் சுரம் தரும் பெரிய ஒலிப்பான்) விளிம்பு ஃபோமாக இருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் கெப்பாசிட்டருக்கு முன் அதுதான் வேலை. கீழ்ச் சுரம் போய்விட்ட பெட்டி கூர்மையாகத்தான் கேட்கும்.

செம்பனை_சாரல் | தெலுக் இந்தான்

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் உள்ளது) வாங்கினால் எல்லாம் இளகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்களே? கேட்டேன், நிஜமாகவே இனிமையாக இருந்தது.

சாலிடர்_கை

இனிமைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் மந்திரம் கிடையாது. ஒற்றை வால்வு ஆம்ப்பின் வெளியீட்டுத் தடை இரண்டு மூன்று ஓம் வரை இருக்கும், அதனால் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் (சுரத்துக்குச் சுரம் மாறும் மின்தடை) எங்கே ஏறி இறங்குகிறதோ அங்கே சத்தமும் ஏறி இறங்கும். அதோடு இரண்டாம் ஹார்மோனிக் (மூலச் சுரத்தின் இரு மடங்கு அதிர்வு) கொஞ்சம் கலக்கும், அது காதுக்கு இசைவானது. 1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஸ்டீரியோஃபைல் இதழ்க்காரர்கள் வைத்த வால்வு ஆம்ப்பை எடுத்துக்கொண்டு, தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அதன் நடத்தைக்கு ஒத்துப்போகத் திருத்தினார். இரண்டுக்கும் வித்தியாசம் கேட்கவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். உங்கள் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் மேல் சுரத்தில் ஏறினால் அதே வால்வு ஆம்ப் இன்னும் கூராகவும் ஆக்கலாம். உங்கள் வீட்டில், உங்கள் ஸ்பீக்கரில் கேட்காமல் வாங்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது என்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடி போட்டு வையுங்கள்.

சிப்புட்_செவி

பவர் கேபிள் பற்றி யாரும் சொல்லவில்லையே?

சாலிடர்_கை

மின்கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை சாதாரணக் கம்பிதான் வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் மாற்றி ட்வீட்டரை இளக்க முடியாது. அந்த 450இல் ஒரு பங்கை நல்ல சர்ஜ் புரொடெக்டரில் (மின்னழுத்தம் திடீரென எகிறினால் காப்பது) போடுங்கள். நம் நாடு உலகிலேயே இடி மின்னல் அதிகம் உள்ள இடங்களில் ஒன்று. சாயங்காலம் வானம் கறுத்தால் பிளக்கையும் ஆண்டெனாவையும் பிடுங்கிவிடுங்கள், புரொடெக்டர் இருந்தாலும்.

சிப்புட்_செவி

செய்ததைச் சொல்கிறேன். தங்கை வீட்டில் சும்மா கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் தடித்த கம்பளம், அடியில் ஃபெல்ட். கண்ணாடிக் கதவுக்கு அகலத்தைவிட இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்புத் திரை தைக்கக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து 700 வெள்ளிக்குள் முடிந்தது. நாற்காலியும் ஸ்பீக்கரும் சொன்னபடி நகர்ந்தன. கை தட்டினால் இப்போது 'டப்' என்று நின்றுவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்கிறது. அப்பா உட்கார்ந்து கேட்கிறார்.

மீதி இருப்பது ஸகரம். குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. அம்மா கம்பளத்தில் பூஞ்சை வரும் என்று பயப்படுகிறார், அதற்கும் வழி சொல்லுங்கள்.

தைப்பிங்_தம்புரா

வெயில் அடிக்கும் நாளில் கொடியில் போட்டுத் தட்டுங்கள், மெத்தையையும்தான். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள். காற்றும் ஓடும், கொஞ்சம் கீழ்ச் சுரத்தையும் கூடுதலாக உறிஞ்சும் என்று எங்கள் இசைப்பள்ளிக்கு அறை கட்டியவர் சொன்னார்.

சாலிடர்_கை

அவர் சொன்னது சரி.

ஸகரத்துக்கு வருவோம். உங்கள் ஸ்பீக்கரில் நான்கு முனை இருக்கிறது என்றீர்கள், அது நல்லது. பெட்டியைத் திறக்காமலே ட்வீட்டரை அடக்கலாம். ஆம்ப் கேபிள் கீழ் ஜோடியில் இருக்கட்டும். மேல் ஜோடிதான் ட்வீட்டர். சிவப்பு முனைகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 1 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். கறுப்புத் தகடு அப்படியே இருக்கவேண்டும். 8 ஓம் ட்வீட்டர் என்றால் 1 டெசிபெல் இறங்கும், 6 ஓம் என்றால் 1.3. எண் சின்னது, ஆனால் மேல் சுரம் முழுக்க இறங்குவதால் காதுக்கு நன்றாகவே தெரியும். போதாவிட்டால் 1.5 ஓம் போடுங்கள், அதற்கு மேல் போகவேண்டாம், வயலினின் உயிர் போய்விடும். ஆம்ப்பில் டிரெபிள் குமிழ் இருந்தால் முதலில் அதை ஒரு படி இறக்கிக் கேட்டுப் பாருங்கள். அது இதமாக இருந்தால் ரெசிஸ்டரும் இதமாக இருக்கும்.

கோலாலம்பூர் போகிறவர் யாராவது இருந்தால் ஜாலான் பாசார் கடைகளில் வாங்கச் சொல்லுங்கள், ஓரிரண்டு வெள்ளிதான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மதிப்பு. ஆம்ப்பை அணைத்துவிட்டு மாட்டுங்கள், காலிரண்டும் எதிர்க் கறுப்பு முனையில் படாமல் பாருங்கள். ஓங்கிக் கேட்கும்போது ரெசிஸ்டர் சூடாகும், புதுத் திரைத்துணி அதன்மேல் உரசாத தூரத்தில் ஸ்பீக்கரை வையுங்கள்.